உடுப்பில்லாத தாள்காசு

எங்கள் அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. நங்கூரமிட்ட கப்பல்களுக்கும் கரைக்கும் இடையில் லோஞ்சு ஓட்டுவார். பின்லாந்துக் கப்பற்காரன் ஒருவன் அவருக்குக் கொடுத்துவிட்டுப் போன பழைய தாள்காசுதான் எங்கள் வீட்டைப் பிடித்த சனியன்.

அதில் ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக ஒரு கூட்டம் நின்றது. ஒருவர் உடம்பிலும் ஒட்டுத்துணி இல்லை. "ஐயோ, குமர்ப்பிள்ளை இருக்கிற வீட்டில என்ன கண்றாவி இது!" என்று அம்மா கண்ணைப் பொத்தினார். அப்பாவோ அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டார். நாங்கள் ராசா ராணி தலை போட்ட காசைத்தான் கண்டிருக்கிறோம், இவன் சனத்தைப் போட்டிருக்கிறான், உடுப்பைக் கழற்றிவிட்டால் துரையும் கூலியும் ஒன்று என்கிறான் என்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் வேறு. கப்பற்காரன் அப்படிச் சொன்னானா, அப்பாவே கட்டிவிட்டாரா, கடவுளுக்குத்தான் தெரியும்.

அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று அம்மா சட்டத்தை அலுமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இந்த மாப்பிள்ளை அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். அக்கா பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய சேலையோடு தேத்தண்ணித் தட்டை ஏந்திக்கொண்டு நின்றாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. பிறகு மாப்பிள்ளையின் தாய் குரலைத் தாழ்த்தி, "நீங்கள் என்ன ஆக்கள்?" என்று கேட்டார். சாதியை அப்படித்தான் கேட்பார்கள்.

அப்பா எழும்பிப் போய்ச் சட்டத்தைத் தேடி எடுத்துவந்து அந்தத் தாயின் மடியில் வைத்தார்.

"இதில ஆர் என்ன ஆக்கள் எண்டு நீங்களே சொல்லுங்கோ பாப்பம்."

தேத்தண்ணி ஆறுமுன் கார் போய்விட்டது. அம்மா குசினிக்குள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அப்பா மட்டும் பெரிய வழக்கில் வென்றவர்போலக் கதிரையில் சாய்ந்திருந்தார். அவர் கேட்டது நியாயம்தான், இன்றைக்கும் மறுக்கமாட்டேன். ஆனால் பெற்ற பிள்ளையின் வாழ்க்கையைப் பணயம் வைத்தா நியாயம் கேட்பது?

அந்தத் தாய் எழும்பின வேகத்தில் மடியிலிருந்து விழுந்து கிடந்த சட்டத்தை அக்கா எடுத்துத் துடைத்தாள். கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தவள் என்னிடம், "இவையள் குடுத்துவச்சவையள், என்ன? ஆரும் பாக்க வருகினம் எண்டு இரவல் சீலை உடுத்துக்கொண்டு நிக்கத் தேவையில்லை" என்றாள்.

அக்கா பகிடி விடுகிறாள் என்று நினைத்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் அறைக்குள் போய்ச் சேலையை மாற்றி, மடிப்புக் குலையாமல் மடித்து, கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி என் கையில் தந்தாள். நான் சிரித்துக்கொண்டே கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த வீட்டில் சேலை கேட்க எங்களுக்கு அதற்குப் பிறகு தேவை வரவே இல்லை.