முள்ளுத்தலையும் ரெட்டைச்சடையும்: செஞ்சி மலையில் பார்த்த கடைசிப் பகுதி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செஞ்சிக் கோட்டையின் வரலாறு தெரிந்துகொள்ள வந்தவர்கள் வேறு பக்கம் போய்க்கொள்ளலாம். எந்த ராஜா எந்த ராஜாவை அடித்தான் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் ஐந்தாவது வரைதான் படித்தேன், திண்டிவனத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். போனிடம் பேசினால் அதுவே எழுதிக்கொடுக்கிறது. பிழை இருந்தால் போனைத் திட்டுங்கள், என்னைத் திட்டாதீர்கள். நான் செஞ்சிக்குப் போனது ஒரு ஜப்பான் பொம்மைப் படத்தின் கடைசிப் பகுதியைப் பார்க்க.

சிரிக்காதீர்கள். அது பன்னிரண்டு பகுதி ஓடுகிற பள்ளிக்கூடக் காதல் கதை. முடி முள்ளம்பன்றி மாதிரி நிற்கிற ஒரு பையன், இரண்டு சடை போட்ட ஒரு பெண். ஜப்பான் பெயர்கள் என் வாயில் நுழையாததால் நானும் என் மகள் தீபாவும் அவர்களுக்கு முள்ளுத்தலை, ரெட்டைச்சடை என்று பெயர் வைத்தோம். இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை, எந்நேரமும் சண்டை. பள்ளிக்குப் பின்னால் ஒரு மலை, அதன் உச்சியில் கோயில், கோயிலில் ஒரு மணி. ஒரு மழைநாளில் இருவரும் ஒரே நேரத்தில் மணிக்கயிற்றை இழுத்துவிட, பையனின் உயிர் பெண் உடம்புக்குள்ளும் பெண்ணின் உயிர் பையன் உடம்புக்குள்ளும் போய்விடுகிறது. மறுநாள் காலையில் அவனுக்குச் சடை பின்னத் தெரியவில்லை. ஒன்று காதுக்கு மேலே நிற்கிறது, இன்னொன்று கழுத்துக்குக் கீழே தொங்குகிறது. தீபா விழுந்து விழுந்து சிரித்து, "நைனா, இது நீதான்" என்றாள்.

நான்தான். தீபா நாலாவது படிக்கும்போது அவள் அம்மா தவறிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் இரண்டு சடை, மடித்துக் கட்டிய ரிப்பன் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். டியூப் ஒட்டுகிற கையால் பின்னக் கற்றுக்கொண்டேன். ரிப்பனில் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் வாசனை அடிக்கிறது என்று டீச்சர் சொல்லி அனுப்பினாராம். 'உங்க டீச்சர் வண்டி பஞ்சரானா என்கிட்டதான வரணும்' என்று சொல்லி அனுப்பலாமென்று பார்த்தேன், தீபா விடவில்லை.

படத்தில் பேச்சு ஜப்பான் மொழி, கீழே ஓடுகிற எழுத்து இங்கிலீஷ். இரண்டும் எனக்கு ஒன்றுதான். தீபா படித்துப் படித்துத் தமிழில் சொல்லுவாள், ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு பகுதி. பதினோரு பகுதி முடிந்தபோது அவளுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை வந்தது. ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். கடைசிப் பகுதியைச் சேர்ந்துதான் பார்ப்பது என்று பேச்சு. படத்துல வர்ற மலை செஞ்சிக் கோட்டை ராஜகிரி மாதிரியே இருக்குது, அங்கே போய்ப் பார்க்கலாம் நைனா என்றவளும் அவள்தான். ஐந்து மாதம் நான் அதைத் தொடவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தோம். அவள் ஓசூரிலிருந்து திருவண்ணாமலை வழியாக வருவாள், நான் இந்தப் பக்கமிருந்து போவேன், செஞ்சி பேருந்து நிலையத்தில் சந்திப்பது. குறித்த நாள் அமாவாசை என்பதை இருவருமே கவனிக்கவில்லை. நீங்கள் இந்தத் தப்பைச் செய்யாதீர்கள். அமாவாசையன்று மேல்மலையனூர் அங்காளம்மனுக்குப் போகிற கூட்டம் மொத்தமும் செஞ்சி வழியாகத்தான் போகும். ஆறரை மணி பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்றேன். இருபத்தெட்டு கிலோமீட்டர், கட்டணம் இருபத்தைந்து ரூபாய், ஒரு மணி நேரத்துக்கு மேலே ஆனது. எலுமிச்சை மாலையோடு நின்ற ஓர் அம்மா எனக்கு என்ன வேண்டுதல் என்று விசாரித்தார். பையன் உடம்பிலிருந்து பொண்ணு வெளியே வரணும் என்றேன். அவர் கண்ணை மூடி, எனக்கும் சேர்த்துக் கும்பிட்டார்.

செஞ்சியில் இறங்கி இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தீபா கூப்பிட்டாள். திடீரென்று ஓவர்டைம் போட்டுவிட்டார்களாம், வர முடியாது. சரி, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன்.

"நைனா, நீ பாத்துடு. நான் ஹாஸ்டல்ல பொண்ணுங்களோட அப்பவே பாத்துட்டேன். சொன்னா வருத்தப்படுவன்னு சொல்லல."

"முள்ளுத்தல உயிரோட இருக்கானா, அத மட்டும் சொல்லு."

"நைனா."

"சரி, வேலையப் பாரு."

இட்லி அப்படியே இருந்தது. திரும்பிப் போகலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் எதிரே மேல்மலையனூர் பஸ்களும் திரும்புகிற பஸ்களும் நெருக்கியடித்து நின்றன. இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது, படம் போனில் இருக்கிறது, மலை கண்முன் நிற்கிறது. ஆட்டோ பிடித்தேன். பேருந்து நிலையத்திலிருந்து கோட்டை ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர், நூறு ரூபாய். தனியாவா வந்தீங்க என்று டிரைவர் இரண்டு தடவை கேட்டார். நுழைவுச் சீட்டு இருபத்தைந்து ரூபாய்.

ராஜகிரியில் முதல் பகுதி படிகள் சுலபம். அதன் பிறகு முழங்கால் பேச ஆரம்பிக்கும். கமலக்கண்ணி அம்மன் கோயில் பாதி மலையில் இருக்கிறது. அதன் அருகே மதில் நிழலில் உட்கார்ந்து போனை எடுத்தேன். எடுத்த உடனே மூன்று குரங்குகள் வந்து எதிரில் உட்கார்ந்தன. அந்த நேரத்தில் ஒரு கோல் தரையில் தட்டுகிற சத்தம் கேட்டது. மலையில் பிளாஸ்டிக் பாட்டில் பொறுக்குகிற வேலை செய்கிற பெண், செஞ்சிக்குப் பக்கத்து அனந்தபுரத்துக்காரர், பெயர் கன்னியம்மா. என் வயதுதான் இருக்கும். குரங்குகளை விரட்டிவிட்டு, சோற்று டப்பாவைத் திறந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னாண்ணே படம்?"

"பொம்மைப் படம்மா."

"கோட்டைக்கு வந்து கோட்டையப் பாக்காம பொம்மைப் படமா? இந்த வயசுலயா?"

கதையைச் சொன்னேன். முதல் பதினோரு பகுதியும் அவர் தயிர்சாதம் முடிவதற்குள் முடிந்தது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, மகள்தான் படித்துச் சொல்லுவாள், இன்றைக்கு அவள் வரவில்லை என்றும் சொன்னேன். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, "போடுண்ணே, நாம பேசிப் பாப்பம்" என்றார்.

முள்ளுத்தலைக்கு நான் பேச வாயெடுத்தேன். தடுத்துவிட்டார்.

"அது ஆம்பள ஒடம்பு. உள்ள இருக்கிறது பொண்ணுதான? அப்ப நான்தான் பேசணும்."

நியாயம்தான். சடைபோட்ட பெண்ணுக்கு நான் பேசினேன், முள்ளுத்தலைக்கு அவர் பேசினார். அவர் சொன்ன முள்ளுத்தலை ரேஷன் கடையில் சர்க்கரை போடவில்லை என்றது, மாமியாரைத் திட்டியது. நான் சொன்ன ரெட்டைச்சடை, பாவாடையில் காற்று அடிக்குது, எப்படித்தான் நடக்கறீங்களோ என்று அழுதது. இறங்கி வந்த காலேஜ் பிள்ளைகள் நின்று பார்த்துவிட்டு, ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு போனார்கள். படத்தில் இருவரும் மலை ஏறினார்கள், மணி அடித்தார்கள், அவரவர் உடம்புக்குத் திரும்பினார்கள். கன்னியம்மா மட்டும் முள்ளுத்தலையை விடவில்லை.

"மணி அடிச்சாச்சும்மா, மாறணும்."

"அய்ய, இப்ப நான் யாருண்ணே?"

"ரெட்டச்சட."

கடைசிக் காட்சி ரயில் நிலையம். ரெட்டைச்சடையின் அப்பாவுக்கு வேறு ஊருக்கு மாற்றல், இருவரும் பிரிகிறார்கள். முள்ளுத்தலை பிளாட்பாரத்தில் நிற்கிறான். கதவு மூடப்போகிறது. ரெட்டைச்சடை ஏதோ சொல்கிறாள். இங்கேதான் ஐ லவ் யூ சொல்லணும், சொல்லும்மா என்றேன்.

"அண்ணேன்னு கூப்ட்ட வாயால அத எப்டி சொல்றது? போண்ணே."

திரும்ப ஓட்டினேன். அவர் அந்தப் பெண்ணின் முகத்தையே உற்றுப் பார்த்தார். பிறகு விளையாட்டுக் குரலை விட்டுவிட்டு, தன் சொந்தக் குரலில் சொன்னார்:

"வூட்டுக்குப் போய்ச் சேந்ததும் ஒரு போன் பண்ணு."

ரயிலில் போகிறவள் அவள், பிளாட்பாரத்தில் நிற்கிறவன் அவன். அவனைப் போய் போன் பண்ணச் சொல்லுகிறாள். ஆனால் அந்த உதட்டுக்கு அது அப்படியே பொருந்திவிட்டது. கீழே ஓடிய எழுத்து ஒரே ஒரு சின்ன வரி, கடைசியில் கேள்விக்குறி. கேள்விக்குறி எனக்கும் தெரியும். அவள் ஏதோ கேட்டிருக்கிறாள். கன்னியம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. அவர் மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பாட்டில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்.

நான் மேலே ஏறினேன். உச்சிக்குப் போகும் முன் ஒரு பள்ளத்தைத் தாண்டச் சின்னப் பாலம் இருக்கிறது, கீழே பார்க்காமல் நடங்கள். உச்சியில் ரங்கநாதர் கோயில், பழைய பீரங்கி, நாலு பக்கமும் பாறைக் குன்றுகளும் வயல்களும். காற்று ஆளைத் தள்ளியது. 'இதோ பாரு, மணி எங்கேயும் இல்ல' என்று பக்கத்தில் திரும்பிச் சொல்லிவிட்டுத்தான் யாரும் இல்லை என்று ஞாபகம் வந்தது. ஒரு படம் எடுத்தேன். அதில் என் கட்டைவிரலும் விழுந்திருக்கிறது, அதுதான் கீழே போட்டிருக்கிற படம்.

நாலு மணிக்குப் பேருந்து நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, இடைவேளையில் தீபா கூப்பிட்டாள். பாத்தியா என்றாள். பார்த்தேன் என்றேன். கடைசியில் ரெட்டைச்சடை இன்னா சொன்னாள் தெரியுமா என்று மெதுவாகக் கேட்டாள்.

"தெரியும். வூட்டுக்குப் போய்ச் சேந்ததும் ஒரு போன் பண்ணுன்னு சொன்னா."

அந்தப் பக்கம் மிஷின் சத்தத்திலிருந்து தள்ளி வந்து பேசினாள்.

"ஆமா நைனா, அதேதான்" என்றாள். "நீயும் போய்ச் சேந்ததும் பண்ணு."

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். அமாவாசை வேண்டவே வேண்டாம். காலை எட்டரைக்குள் ஏற ஆரம்பியுங்கள், ஏறி இறங்க எனக்கு உட்கார்ந்த நேரம் போக மூன்று மணி நேரம் ஆனது. மதியத்துக்கு மேல் ராஜகிரி ஏற விடமாட்டார்கள். தண்ணீர் இரண்டு லிட்டர், தின்பண்டம் பைக்குள் இருக்கட்டும், கையில் கோல் இருந்தால் நல்லது. காலி பாட்டிலை மலையில் வீசாதீர்கள், அதைக் கன்னியம்மாதான் குனிந்து எடுக்கிறார். கூட ஆள் கிடைத்தால் கூட்டிக்கொண்டு போங்கள். கிடைக்காவிட்டாலும் போங்கள்.

ஆறரைக்கு வீடு வந்து கதவைத் திறந்து லைட் போட்டுவிட்டு, சொன்னபடி போன் பண்ணினேன். முழுக்க அடித்து நின்றது. வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். 'வந்து சேந்துட்டேன்' என்று வாட்ஸ்அப்பில் குரலில் பேசி அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் டிக் இரண்டும் நீலமாகியிருந்தன. கீழே அவள் குரலில் ஒரே ஒரு வார்த்தை வந்திருந்தது.

"சாப்டியா?"

ரயிலில் போன ரெட்டைச்சடை கேட்டதும் இதுவாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டேன்.