ஒன்பது கோப்புகளில் ஒரு பெயர்

பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் இருந்தால் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்ததே அதிகம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் வைத்திருந்ததில் வாய்க்கசப்பு போகவில்லை.

மயிலாப்பூரில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு மென்பொருள் செய்கிறோம். டைப் அடிக்கச் சேர்ந்த நான், டெஸ்டிங்குக்கு மாறி, பார்த்துப் பார்த்தே நிரல் எழுதவும் கற்றுக்கொண்டேன். புரோகிராமர்கள் நாலு பேர். எல்லோரும் என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர்கள்.

எங்கள் நிரல் முந்நூறு சின்னக் கோப்புகளாகக் கிடக்கிறது. பொதுவான ஒரு வரியை மாற்றினால் எல்லாவற்றையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும், அதாவது கம்ப்யூட்டர் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்ற வேண்டும், நாற்பது நிமிடம். ஒவ்வொரு கோப்புக்கும் அதே பொது வரிகளைக் கம்ப்யூட்டர் முதலிலிருந்து படிக்கிறது. முப்பது கோப்புகளை ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்தால் ஒருமுறை படித்தால் போதும். இதை முதலாளியிடம் சொன்னேன்.

"செஞ்சு காட்டுங்கோ. சரியா வந்துதுன்னா காலியா இருக்கற புரோகிராமர் இடம் உங்களுக்குத்தான்" என்றார். அன்று சந்தோஷத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

முதல் முப்பதைச் சேர்த்து ஓட்டினேன். பிழைகள் வந்தன. இரண்டு கோப்புகளில் ஒரே பெயர் இருந்தால், தனித்தனியாக இருக்கும்வரை ஒன்றையொன்று அறியாது, சேர்த்தால் முட்டிக்கொள்ளும். அது நான் எதிர்பார்த்ததுதான். ஆனால் திரையில் வரிக்கு வரி முட்டியது ஒரே பெயர். ஆங்கில எழுத்தில் 'ஊமச்சி'.

ஒன்பது கோப்புகள். நாலு பேர் எழுதியவையும் அதில் இருந்தன. எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு பதிலே தராத துண்டு நிரலுக்கு அவர்கள் வைத்த பெயர். ஒரு கோப்பில் குறிப்பும் இருந்தது: 'மூலைல உக்காந்துகினு இருக்கும், பேசாது.'

மூலையில் உட்காருவது நான்தான். போன வாரம்கூட என் டப்பாவிலிருந்து இவர்களுக்குப் புளியோதரை போட்டேன்.

ஒருவர் கோப்பை இன்னொருவர் கேட்காமல் தொடக் கூடாது என்பது எங்கள் அலுவலக வழக்கம். அவர்களில் மூத்தவனிடம் போய், "இந்தப் பேரை மாத்திக் கொடுங்க" என்றேன்.

அவன் மற்ற மூவர் பக்கம் திரும்பினான். "மச்சி, அக்கா பேசிட்டாங்கடா!"

சிரித்தார்கள். "சும்மா ஜாலிக்கு வெச்சதுக்கா. உங்கள இல்ல" என்றான்.

"மூலைல வேற யாரு இருக்கா?"

"இன்னாக்கா, ஏசிகூடத்தான் மூலைல கீது" என்றான் இன்னொருவன்.

மறுபடி சிரிப்பு. பழக்க தோஷத்தில் என் உதடும் சிரிக்கப் போனது. இன்றுவரை எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விட அருவருப்பு.

முதலாளியிடம் போனேன். திரையைப் பார்த்தவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "இதைப் போய் மனசுல வெச்சுண்டு! கோப்பைக் கிளறினா அவாளுக்குக் கோபம் வரும். ஒவ்வொண்ணையும் தனி உறைல போட்டு மூடிடுங்கோ, முட்டாது. யார் பாக்கப்போறா?"

அப்படி ஒரு வழி உண்டு. ஒரு மணி நேர வேலை. நாற்பது நிமிடம் ஆறு நிமிடமாகிவிடும், இடமும் கிடைத்துவிடும். அந்தப் பெயரை என் கையாலேயே ஒன்பது தடவை போர்த்தி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

"எழுதினவங்களே அழிக்கட்டும் சார். அதுவரைக்கும் நான் சேக்கமாட்டேன்" என்றேன்.

"அப்போ விட்டுடுங்கோ. இருக்கறபடியே ஓடட்டும்" என்று போனை எடுத்தார்.

மறுநாள் அந்தப் புரோகிராமர் இடத்துக்கு ஆதம்பாக்கத்திலிருந்து ஒருவர் நேர்காணலுக்கு வந்தார். நான் டெஸ்டிங் பார்த்தேன்.