நாலாம் நாள் சூரியன்

கன்னியப்பனுக்கு எபிரேய எழுத்து தெரியும் என்று சொன்னால் உத்திரமேரூர்ப் பக்கத்தில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். அவர் நீர்க்கட்டி. ஏரி மதகைத் திறந்து, முறை வைத்து, வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சுகிற வேலை. படிப்பு எட்டாவது. ஆனாலும் எழுபத்தெட்டாம் வருஷம் தை மாதத்தில், ஏரிக்கரை ஈரமண்ணில் அவர் குச்சியால் வலமிருந்து இடமாகக் கிறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. யாருக்கோ சூனியம் வைக்கிறார் என்று பேச்சு கிளம்பியது. எல்லாம் பெண்டாட்டி மார்த்தாளுக்காக என்பது யாருக்குத் தெரியும்?

மார்த்தாள் நாற்று நடுவதிலும் கெட்டி, வாயிலும் கெட்டி. ஊர்க் கிறிஸ்தவ சபையில் பாட்டு எடுத்துக் கொடுப்பது அவள்தான். அதற்கு முந்தைய ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் எத்திராஜ், ஆண்டவர் ஆறு நாளில் உலகத்தைப் படைத்த கதையைப் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தார். மார்த்தாள் பெண்கள் பாயிலிருந்து எழுந்தாள்.

"உபதேசியாரே, சூரியன நாலாம் நாளுதான் படைச்சாருன்னு கீது. அப்ப மொத மூணு நாளும் சாயங்காலம் ஆச்சு, வெடிகாலம் ஆச்சுன்னு கீதே, அது எப்பிடி?"

எத்திராஜ் கெட்டவர் இல்லை. பதில் தெரியாதபோது கோபம் வரும், அவ்வளவுதான். "நடவுக்குப் போற பொம்பளைக்கு வானத்து விவகாரம் எதுக்கு? ஒக்காரு" என்றார். சபை சிரித்தது. மார்த்தாள் உட்காரவில்லை. முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு நேராக வீட்டுக்கு நடந்தாள்.

அன்றோடு சரி. அதற்கப்புறம் ஞாயிறானால் அவள் வீட்டில் அரிசி புடைப்பாள். கன்னியப்பன் தனியாகச் சபைக்குப் போவார். பாட்டை யார் யாரோ எடுத்து ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். இருபத்திரண்டு வருஷமாக அவள் குரலைக் கேட்டுக்கொண்டே ஜெபம் பண்ணிப் பழகிய மனுஷர் அவர். இப்போது கண்ணை மூடினால் ஜெபமே வரவில்லை.

கெஞ்சிப் பார்த்தார். "என் கேள்விக்குப் பதில் இல்லாத எடத்துல எனக்கு இன்னா வேல?" என்றுவிட்டாள்.

சரி, பதிலைத் தேடுவோம் என்று இறங்கினார். பழைய சபைப் பத்திரிகை ஒன்றில் தபால் வழி வேதபாடம் என்று போட்டிருந்தது, கார்டு எழுதிப்போட்டார். மாதம் ஒரு பாடம் வந்தது. மூன்றாம் பாடத்தில் வேதத்தின் மூலமொழியான எபிரேயத்தின் எழுத்துகள், நாலாம் பாடத்தில் இரண்டு சொற்கள். ஆதியில் பூமி எப்படி இருந்தது என்பதற்கு மூலத்தில் தோகு, போகு என்று இருக்கிறதாம். தோகு என்றால் உருவம் இல்லை. போகு என்றால் உள்ளே ஒன்றும் இல்லை. அந்த இரண்டையும் ஒரு மாதம் வாயில் போட்டு மென்றார். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அந்த யோசனையில்தான் ஒரு தப்பு நடந்தது. நவரைப் பட்டச் சாகுபடிக்கு மதகு திறப்பதற்கு முன்னால் கடைமடை வரைக்கும் வாய்க்காலைத் தூர் வாரிவிட வேண்டும். ஆட்கள் பாதிதான் வாரியிருந்தார்கள். நம் ஆள் "தோகு, போகு" என்று முணுமுணுத்துக்கொண்டே போய் மதகைத் தூக்கிவிட்டார். தண்ணீர் வந்தது. போக வழியில்லாமல் பஞ்சாட்சர முதலியார் களத்தில் ஏறி, காயப்போட்டிருந்த நெல்லை ஊறவைத்தது.

முதலியார் ஓடிவந்து குதி குதி என்று குதித்தார். "அறிவு கீதாய்யா உனுக்கு? மொதல்ல வாய்க்கா, அப்புறம் தண்ணி! எடமே பண்ணாம வுட்டா தண்ணி எங்கய்யா நிக்கும்?"

முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு கன்னியப்பன் சிரித்தார். திட்டு வாங்குகிறவன் சிரித்தால் முதலியாருக்கு எப்படி இருக்கும்! சாயங்காலம் வரைக்கும் அவருடைய நெல்லை வாரிக் காயவைத்துக் கொடுத்துவிட்டுத்தான் வீடு திரும்பினார்.

"மார்த்தா, கெடச்சிச்சி!" என்றார் வாசலிலிருந்தே. "பூமி ரெண்டு விதமா கெட்டுக் கெடந்துது. உருவமும் இல்ல, உள்ள ஒண்ணும் இல்ல. மொத மூணு நாளு எடம் பண்றாரு. வெளிச்சம் இருட்டுன்னு பிரிக்கிறாரு, வானம் தண்ணின்னு பிரிக்கிறாரு, தரைய எடுக்கிறாரு. அட்த்த மூணு நாளு அதே வரிசையில ரொப்புறாரு. வெளிச்சத்துக்குச் சூரியன், சந்திரன். வானத்துக்குப் பட்சி, தண்ணிக்கு மீனு. தரைக்கு மிருகம், மனுசன். ஒண்ணாம் நாளுக்கு நாலாம் நாளு ஜோடி. சாயங்காலம், வெடிகாலம்னு சொல்றது கடியாரக் கணக்கு இல்லம்மே, வேலைக் கணக்கு! வாய்க்கா மொதல்ல, தண்ணி அப்பால!"

மார்த்தாள் முறத்தைக் கீழே வைத்தாள். விரல் விட்டு ஆறு நாளையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். முகம் மெல்ல மலர்ந்தது. உடனே சுருங்கியது.

"எங்கிட்ட சொல்லி இன்னா பண்றது? சிரிச்சவங்ககிட்ட சொல்லு. கேட்டது நானுன்னும் சொல்லு."

கன்னியப்பன் சபையில் வாய் திறந்தே அறியாதவர். ஆனாலும் அடுத்த ஞாயிறு எழுந்தார். "இது எம் பொண்டாட்டி கேட்ட கேள்வி. நல்ல கேள்வி. சிரிச்சது தப்பு" என்று ஆரம்பித்து, வாய்க்காலையும் மதகையும் வைத்தே சொல்லிமுடித்தார். முதலியார் களத்துக் கதைக்குச் சபை சிரித்தது. கன்னியப்பனும் சேர்ந்து சிரித்தார். கடைசிப் பாயில் மார்த்தாள் உட்கார்ந்திருந்தாள்.

எத்திராஜ் பெண்கள் பாய்ப் பக்கம் திரும்பினார். "மார்த்தா, பாட்டு எடும்மா" என்றார்.

"இருங்க உபதேசியாரே, இன்னோண்ணு கேக்கணும்" என்று எழுந்தாள் மார்த்தாள்.

"ஆறு நாளைக்கும் சாயங்காலம் ஆச்சு, வெடிகாலம் ஆச்சுன்னு முடிச்சி வச்சிக்கீது. அவுரு ஓய்வெடுத்த ஏழாம் நாளை மட்டும் ஏன் முடிக்கல?"

எத்திராஜ் பக்கத்தைத் திருப்பினார். ஒருமுறை படித்தார், விரலை வைத்து மறுபடியும் படித்தார். சபையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"எனக்குத் தெரியலியேம்மா" என்றார்.

மார்த்தாள் தலையாட்டினாள். தொண்டையைச் செருமிக்கொண்டு பாட்டை எடுத்தாள்.