தம்பி வீட்டால் வகை மாறிய அணை

அணைகளைப் பரிசோதிக்கும் அந்தப் பொறியாளருக்கு ஊரில் 'எலி மேடம்' என்றுதான் பெயர். மண் கரையில் எங்கே வளை கண்டாலும் கம்பியை விட்டு ஆழம் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. எலி தோண்டிய வளையில் தண்ணீர் கசியத் தொடங்கினால் கரையே கரைந்துபோகும் என்பார். கேலிக்கு அசருகிற ஆள் இல்லை. கேலி செய்தவர்களோடு சேர்ந்து அவரும் சிரிப்பார்.

அவருடைய தம்பி ஓடைக்கரையில் புது வீடு வாங்கினான். அக்காவை மாடிக்கு இழுத்துப்போய், "எப்படிக்கா இருக்கு?" என்றான். அவர் கண் ஓடையின் மேல்பக்கம் போனது. கொஞ்ச தூரத்தில் பச்சையாக உயர்ந்த ஒரு மேடு. படகு விடுவதற்காகக் கட்டிய ஏரியின் மண் அணை.

"வீடு அருமைடா. ஆனா உன்னால அந்த அணையோட வகை மாறுது."

"நான் அந்தப் பக்கமே போகலையே!"

தம்பி மனைவி வயிறு குலுங்கச் சிரித்தாள். "பாருங்க அண்ணி, குடிவந்து ஒரு மாசம் ஆகல, அதுக்குள்ள அணையில கைவெச்சிட்டார்!"

விஷயம் இதுதான். அணைக்குக் கீழே வெறும் புல்வெளி இருந்தவரை அது 'குறைந்த ஆபத்து' அணை. இப்போது அங்கே ஒரு தெருவே முளைத்திருக்கிறது. உடைந்தால் உயிர் போகும் என்றால் அது 'அதிக ஆபத்து'. அணை கல் மாதிரி உறுதியாக இருந்தாலும் அப்படித்தான்.

ஏரிக்கும் அணைக்கும் சொந்தக்காரரான படகுத்துறை முதலாளிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "சொட்டுத் தண்ணி ஒழுகினதில்ல மேடம்! என் அணைக்கு என்ன குறைச்சல்?"

"ஒரு குறையும் இல்லைங்க. இது அணைக்குப் போடுற மார்க் இல்ல. கீழே யார் இருக்காங்கன்னு பார்த்துச் சொல்றது."

"அப்போ அவங்களையே கேட்டுக்கிறேன்!"

தம்பி வீட்டுக்குச் சண்டைக்குப் போன மனிதரைத் தம்பி மனைவி உட்காரவைத்தாள். "கொஞ்சம் பிடிங்க, பால் பொங்குது" என்று கைக்குழந்தையை அவர் மடியில் போட்டுவிட்டு ஓடினாள். குழந்தை அவர் மீசையைப் பிடித்தது, விடவே இல்லை. அசைய முடியாமல் ஜன்னல் வழியே பார்த்தார். அதுவரை தன் அணையை மேலிருந்துதான் பார்த்திருக்கிறார். கீழேயிருந்து அது வானத்தில் பாதியை மறைத்தது.

மறுநாள் அவரே போன் செய்தார். "என்ன செய்யணும், சொல்லுங்க மேடம்."

உபரி நீர் வழியும் கலிங்கை அகலப்படுத்த வேண்டும், கரையில் வேர்விட்ட மரங்களை அகற்ற வேண்டும், தெருவை எச்சரிக்க ஒரு சங்கு வைக்க வேண்டும். வேலைக்காக ஏரியை வடித்தார்கள். சேற்றிலிருந்து மூக்குக்கண்ணாடிகள், செல்போன்கள், ஒரு பல்செட்! படகுத்துறை வாசலில் பரப்பியதும் ஊரே திரண்டது. பல்செட் மட்டும் அநாதையாகக் கிடந்தது. கடைசியில் முதலாளியின் மாமனார் வாயைப் பொத்திக்கொண்டு வந்து, அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நழுவினார்.

அடுத்த மழைக்கு ஏரி நிரம்பியது. அகலப்படுத்திய கலிங்கு வழியே தண்ணீர் வெள்ளைவெளேரென்று இறங்கியது. மேடம் மழைக்கோட்டோடு கரையடியில் கசிவு தேடி நடந்தார். ஒன்றும் இல்லை.

"இப்பவாவது வகையைக் குறைக்கலாமா?" என்று குடைக்குள்ளிருந்து கேட்டார் முதலாளி.

"அந்தத் தெருவைத் தூக்கி மேட்டுல வெச்சா குறைக்கலாம்."

"ஐயோ, வேண்டாம் மேடம்! ஞாயித்துக்கிழமை என் படகெல்லாம் நிறையறதே அவங்களாலதான்."