இரண்டே கட்டங்கள்

பேருந்தின் பின்சக்கரம் சாலையை விட்டு இறங்கியபோது எழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கீரிப்பாறை மலைச்சாலை, நல்ல மழை. பள்ளிப் பேருந்தில் இருபது குழந்தைகளும், புதிய ஓட்டுநரும், நானும். சரிந்த வண்டி ஒரு ரப்பர் மரத்தில் முட்டி நின்றது, கீழே ஓடை. யாருக்கும் அடியில்லை. ஆனால் குழந்தைகளை ஒவ்வொருவராக இறக்கும்போது, இதற்குக் காரணம் நான்தான் என்ற எண்ணம் விடவில்லை.

சுனாமி வந்து ஐந்தாறு ஆண்டுகள் ஆகியிருக்கும். அந்தத் தனியார் பள்ளியில் நான் எழுத்தர். அந்த வண்டியைப் பல வருடங்களாக ஓட்டிவந்தவரை எல்லோரும் டிரைவர் அண்ணன் என்போம். ஓட்டுநர்களின் சுபாவத்தை அறிய வேண்டும் என்று தாளாளர் எங்கிருந்தோ ஒரு வினாத்தாள் வாங்கி வந்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே ‘எப்போதும்’ என்பதிலிருந்து ‘ஒருபோதும் இல்லை’ வரை ஐந்து கட்டங்கள். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. கூட்டிப் பார்க்கவும் சிரமம். தட்டச்சு செய்யும்போது யாரிடமும் கேட்காமல் ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டாக்கிவிட்டேன்.

‘வண்டி ஓட்டும்போது எனக்குப் பயம் வரும்’ என்ற வரியில் டிரைவர் அண்ணனின் பேனா நின்றது.

“மழையில வளவு திரும்பும்பம் மட்டும் பேடி உண்டு மக்கா. அதுக்கு எங்க போட?”

“ரெண்டுல ஒண்ணு போடுங்க அண்ணே.”

மழை வளைவில் மட்டும் வரும் பயத்துக்கு ‘ஆம்’ என்று குறித்தார். பயந்த சுபாவம் என்று அவரை நிறுத்திவிட்டார்கள். அதே வரிக்கு ‘இல்லை’ என்று குறித்த ஓர் இளைஞன் வேலைக்கு வந்தான்.

வண்டி சரிந்ததற்கு மறுநாள், பழைய ஐந்து கட்டத் தாளை அந்த இளைஞனிடம் நீட்டினேன். அந்த வரிக்கு ‘சில நேரம்’ என்று குறித்தான்.

“அன்னைக்கு இல்லேன்னு போட்டியே?”

“ஆமான்னு போட்டா வேலை தருவாவளா அக்கா? அப்பிடி எழுதிக் குடுத்துட்டு வளவுல மெதுவாப் போவவும் வெக்கமா இருந்து.”

அன்று மாலையே டிரைவர் அண்ணனின் வீட்டுக்குப் போனேன். அவரும் தயங்காமல் ‘சில நேரம்’ என்றே குறித்தார். ஒரே அளவு பயம் உள்ள இருவரில் ஒருவரைக் கோழையாகவும் மற்றவரைத் தைரியசாலியாகவும் ஆக்கியவை என் இரண்டு கட்டங்கள். வேலை போய்விடும் என்ற பயம் இரவெல்லாம் இருந்தது. காலையில் இரண்டு தாள்களையும் தாளாளர் முன் வைத்து, “கட்டத்தைக் குறைச்சது நான்தான் சார்” என்றேன்.

அவர் இரண்டு தாள்களிலும் அந்த வரியை ஒத்துப்பார்த்தார். பிறகு டிரைவர் அண்ணனை வரச்சொல்லி ஆள் அனுப்பினார்.

வந்தவர் வேலையை ஏற்க ஒன்றே ஒன்று கேட்டார். “அந்தப் பயலையும் நிறுத்தப்படாது சார். தோவாளைப் பக்கம் மலையில்லாத நெரப்பான ரோட்டுல ஓட்டட்டும். பேடி உண்டுன்னு இப்பம் எழுதிட்டான்லா, இனி வெக்கப்படாம மெதுவாப் போவான்.”