கடைசி அடி இல்லாத கேசட்

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன், அக்கா வங்கியில் வேலை பார்த்தாள். வீட்டில் எப்போதும் பாட்டு வகுப்பும் தம்பூராவும்தான். எங்கள் இரண்டு பேருக்கும் பிடித்ததோ கிடாரைப் போட்டு உலுக்கித் தொண்டை கிழியக் கத்துகிற இங்கிலீஷ் பாட்டு. அப்பா அதற்கு வைத்த பெயர் 'கட்டடம் இடிக்கிற சத்தம்'.

பாண்டி பஜாரில் ஒரு கடையில் காலி கேசட்டைக் கொடுத்தால் கேட்ட பாட்டைப் பதிந்து தருவார்கள். அப்படிப் பதிந்ததில் ஒரு பாட்டு எங்களுக்கு உயிர். இருபது வருஷமாக மேடையில் அலறி நரை தட்டிப்போன ஒரு ராக் குழு, தங்களுக்கும் முந்தைய காலத்துப் பாட்டு ஒன்றைத் தங்கள் பாணியில் பாடியது அது. வீட்டை விட்டுப் போகிற அண்ணன் தம்பியிடம் பேசுவதுபோல வரும். 'என் பின்னால் வராதே' என்று அவன் கத்தும்போது புல்லரிக்கும். அந்த இடத்தில் டேப் தீர்ந்து டக்கென்று நின்றுவிடும். பாட்டே அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

வங்கியில் கூட வேலை பார்த்த ஒருவரை அக்காவுக்குப் பிடித்துப்போனது. வேறு சாதி. அப்பா முடியவே முடியாது என்றுவிட்டார். ஒரு வெள்ளிக்கிழமை காலை திருவான்மியூர் கோயிலில் கல்யாணம் என்று என்னிடம் மட்டும் அக்கா சொல்லியிருந்தாள்.

அன்று வேலைக்குக் கிளம்புகிற மாதிரியே செருப்பு மாட்டினாள். "நானும் வரட்டுமா?" என்று கிசுகிசுத்தேன். அதற்குள் அம்மா வாசலுக்கு வந்துவிட்டாள். அக்கா என்னைப் பார்த்து, "அந்தப் பாட்டுல கடைசியில சொல்லுவானே, அதாண்டீ" என்றாள்.

பின்னால் வராதே என்கிறாள், அப்பாவிடம் நான் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று சொல்கிறாள் என்று புரிந்துகொண்டேன். எடுத்து வைத்திருந்த பட்டுப் புடவையைத் திரும்ப பீரோவில் வைத்தேன். அக்கா சொல்லைக் காப்பாற்றிவிட்டோம் என்று பெருமை வேறு. அதன் பிறகு அவள் ஒரு போன்கூடச் செய்யவில்லை. எனக்கும் ரோஷம் வந்தது. இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

கோபாலபுரத்தில் ஒரு தோழி வீட்டுக்குப் போனபோது அவளுடைய அப்பா இசைத்தட்டு போட்டிருந்தார். அதே பாட்டு, ஆனால் பழைய மூலப் பாட்டு. கத்தல் இல்லை. ஒரே கிடார், ஒரே குரல், ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. 'பின்னால் வராதே'க்கு அப்புறமும் பாட்டு நிற்கவில்லை. தெருமுனை வரை போன அண்ணன் திரும்பிப் பார்க்கிறான். சொன்னதை மறந்துவிடு, நீ ஒருத்தன் வந்தால் போதும் என்கிறான். அதுதான் கடைசி. அக்கா அன்று 'கடைசியில' என்றது இதைத்தான்.

அக்கா அடையாறில் இருப்பதாகக் காதில் விழுந்திருந்தது. அன்றே விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். நான் சொல்லி முடித்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே அவர் ஆத்துல அந்தப் பாட்டை முழுசாக் கேட்டேன்டீ. நம்ம கேசட் நடுவுல நின்னுடும்கறதே மறந்து போச்சு. நாழியாறதுன்னு குருக்கள் சொல்லிண்டே இருக்கார், நான் வாசலையே பாத்துண்டிருந்தேன். நீயும் அப்பா பக்கம் போயிட்டேன்னு நெனச்சுட்டேன்" என்றாள்.

பெண் வீட்டுப் பக்கம் ஓர் ஆள் இல்லாமல் அவள் அழுவதைப் பார்த்து, கோயில் வாசலில் பூ விற்கிற அம்மா கூடையை வைத்துவிட்டு உள்ளே வந்தாராம். "இன்னாத்துக்கு அழுவுற? பொண்ணு பக்கம் நான் நிக்கிறேன்" என்று அக்கா பக்கத்தில் நின்றுகொண்டாராம்.

நான் வராததை அக்கா மனதில் வைத்துக்கொள்ளவில்லை. இப்போது சொல்லிச் சொல்லிச் சிரிக்கக்கூடச் செய்கிறாள். ஆனால் அவள் கூடத்தில் மாட்டியிருக்கும் கல்யாணப் படத்தில், நான் நிற்க வேண்டிய இடத்தில் அந்தப் பூக்காரப் புண்ணியவதி அக்காவின் தோளில் கை வைத்து நிற்கிறார். அந்தப் படத்தை இன்றுவரை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.