ஏழுகல் மூக்குத்தி

மூதூரில் இருந்து காலை லாஞ்சிப் படகில் வந்து, இறங்குதுறைச் சோதனையில் பையைக் கொட்டிக் காட்டிவிட்டு, திருகோணமலைக் கடைத்தெருவில் நகை செய்யும் பத்தர் ஒருவரின் கடையில் இருக்கிறேன். கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்குத்திகள் மின்னுகின்றன. ஒற்றைக்கல் இருக்கிறது, வளையம் இருக்கிறது, பூப்போல விரிந்த ஏழுகல்லும் இருக்கிறது.

பத்தர் என் வெறும் மூக்கைப் பார்த்துவிட்டு, கல்லில்லாத சின்னப் பொன்மொட்டு ஒன்றை எடுத்து வைக்கிறார்.

"அம்மாவுக்கு இது காணும்."

"ஏழுகல்லைத் தாங்கோ, தம்பி" என்கிறேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொல்கிறேன்.

"இந்த வயசில ஏழுகல்லோ? அது புருசன் இருக்கிற ஆக்கள் போடுறதெல்லோ அம்மா."

மூன்று வருடத்துக்கு முன் ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் என் புருசனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இனி வரமாட்டார் என்று சொல்லி, சொந்தக்காரர் என் மூக்குத்தியைக் கழற்றினார்கள். சபைக்கு முன்னால் பேசக் கூச்சப்பட்டு, நான் வாய் திறக்கவில்லை.

"அவர் செத்ததை ஆர் கண்டது? நீங்கள் கண்டனீங்களோ?"

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். முகம் சுடுகிறது. ஆனாலும் கதிரையை விட்டு எழும்பாமல் இருக்கிறேன்.

பத்தர் பொன்மொட்டைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, குனிந்து என் மூக்கைப் பார்க்கிறார். "துளை தூர்ந்துபோச்சு, அம்மா. திரும்பக் குத்தவேணும். இப்ப ஒரு கம்பி போட்டுவிடுறன். புண் ஆறினாப்பிறகு வாங்கோ, கல்லைப் போடுவம்."

"ஏலாது, தம்பி. நொந்தால் நோகட்டும், இண்டைக்கே கல்லைப் போடுங்கோ. பின்னேர லாஞ்சியில ஊர்ச்சனம் முழுக்க இருக்கும்."